கடைசிப் பாராவில் ஒரு பெயர்

நீலசந்திராவைச் சேர்ந்த ஏழுமலை, பதினெட்டாவது குழியில் ஆறடி தூரத்திலிருந்த பந்தை ஒரே தட்டில் உள்ளே அனுப்பி, நாலு வருடமாக யாராலும் அசைக்க முடியாமல் இருந்த சாம்பியனை ஒரு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

நாலு நாள் கோல்ஃப் போட்டியின் கடைசி நாள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். மழை வரும் வரும் என்று மிரட்டிவிட்டு வராமல் போன நாள்.

கிளப் ஆபீசில் என் டைப்ரைட்டர் மேஜைக்கு எதிரே பெரிய ஜன்னல். அதற்கு நேர் கீழேதான் பதினெட்டாவது குழியின் புல்தரை. அதனால் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தேன். முதலில் சாம்பியன் தட்டினார். பந்து குழியின் விளிம்பைத் தொட்டு, என்ன நினைத்ததோ, ஒதுங்கி நின்றது. அடுத்து ஏழுமலை குனிந்தார். அவர் பேண்ட்டின் கால் ஓரம் பிரித்துத் தைத்திருந்த கோடு மாடியிலிருந்தே தெரிந்தது. பந்து உருண்டது. உள்ளே விழுந்தது.

கூட்டத்திலிருந்து சத்தமே இல்லை. வந்தவர்கள் எல்லாரும் சாம்பியன் ஜெயிப்பதைப் பார்க்க வந்தவர்கள். தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்ற கேடிகள், அதாவது ஆட்டக்காரர்களுக்குப் பை தூக்குகிறவர்கள்தான் விசிலடித்தார்கள். ஏழுமலை குழியிலிருந்து பந்தை எடுத்து, பேண்ட்டில் துடைத்து, பையில் போட்டுக்கொண்டார். அடுத்து என்ன செய்வதென்று தெரியாதவர்போல நாலா பக்கமும் பார்த்தார். ஒரு கணம் ஜன்னல் பக்கமும் நிமிர்ந்து பார்த்தார்.

நான் அழுதுகொண்டிருந்தேன்.

ஏழுமலைக்காக இல்லை. தோற்றவருக்காக.

மிஷின்

தோற்றவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. பத்திரிகைகள் அவர் பெயரைப் போதும் போதும் என்கிற அளவுக்கு ஏற்கெனவே எழுதிவிட்டன. கேடிகள் அவருக்கு வைத்த பெயர் மிஷின். அதுவே இங்கே போதும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் தொப்பையைக் குறைக்க நடக்கிற நடை என்றுதான் நினைத்திருந்தேன். விவேக்நகரில் வளர்ந்த பெண்ணுக்கு வேறென்ன தெரியும்? எங்கள் தெருவில் கிரிக்கெட் உண்டு, கேரம் உண்டு, கோவில் திருவிழாவில் கயிறு இழுக்கும் போட்டி உண்டு. ஒரு குச்சியையும் ஒரு பந்தையும் வைத்துக்கொண்டு இத்தனை ஏக்கரா எதற்கு என்று எங்கப்பா கேட்பார். என்னிடம் பதில் இருந்ததில்லை.

பதில் காது வழியாக வந்தது. ஒருநாள் கமிட்டிக் கூட்டக் குறிப்புகளை டைப் செய்துகொண்டிருந்தேன். வெளியே 'டக்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் மறுபடியும் அதே 'டக்'. மற்றவர்கள் அடித்தால் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி சத்தம் வரும். இது மட்டும் மாறவில்லை. டைப்பை நிறுத்திவிட்டு எழுந்து பார்த்தேன். வெள்ளைத் தொப்பி போட்ட ஒருவர் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தார். இடுப்பு திரும்புவதும் கை உயர்வதும் பந்து போவதும் எல்லாம் ஒரே அளவு. அரை மணி நேரம் நின்று பார்த்தேன். செக்ரட்டரி வந்து கனைத்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து அவர் ரசிகை ஆனேன். ஸ்கோர் கார்டில் கையெழுத்துப் போட ஆபீசுக்கு வந்தால், "தேங்க்யூ, ஸ்டெல்லா" என்பார். அந்த கிளப்பில் மெம்பர் யாருக்கும் என் பெயர் தெரியாது. அவர்களுக்கு நான் எக்ஸ்கியூஸ் மீ.

முதல் வருடம் அவர் ஜெயித்தபோது குதித்தேன். இரண்டாம் வருடம் பெருமையாக இருந்தது. மூன்றாம் வருடம் வியாழக்கிழமையே ஞாயிற்றுக்கிழமையின் முடிவு தெரிந்துபோயிற்று. யார் இரண்டாவது என்பதுதான் மரத்தடியில் பேச்சு. நாலாம் வருடம் அவர் பந்து ஒரு தடவை புதருக்குள் போனபோது என் மனதின் ஒரு மூலை கைதட்டியது. அதற்காக அன்று சாயங்காலமே கோவிலுக்குப் போய் மன்னிப்பும் கேட்டேன். இப்படி ஒரு மனுஷிக்குள் இரண்டு பேர் இருந்தோம்.

முட்டைக் கட்டுரை

பத்திரிகைகளுக்கு அந்தக் குழப்பம் எதுவும் இல்லை. மிஷின் தும்மினாலும் செய்தி. ஒரு ஆங்கிலப் பத்திரிகை, அவர் காலையில் எத்தனை முட்டை சாப்பிடுகிறார் என்று கால் பக்கம் எழுதியது. நாலு. வெள்ளைக் கரு மட்டும். முந்தின நாள் இரண்டாவதாக வந்தவர் யார் என்று அதே பக்கத்தில் தேடினேன். இல்லை.

எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடேயே அந்த முட்டைக் கட்டுரையை வெட்டி, மைதா பசை தடவி, என் நோட்டில் ஒட்டிக்கொண்டேன். அந்த நோட்டு இன்னும் பீரோவில் இருக்கிறது. இரண்டு அங்குல தடிமன். மைதாவுக்கு ஆசைப்பட்டு கரப்பான்கள் ஓரத்தை அரித்துவிட்டன. முட்டைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போதும் நான் மாறவில்லை. திங்கட்கிழமை காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிற நேரத்தில் முந்தின நாள் கோல்ஃபை மறுஒளிபரப்பு செய்வார்கள். இன்றைக்கு உலகத்தில் ஒரு சாம்பியன் இருக்கிறாரே, போன மாதம் ஒரு போட்டியில் அவர் ஐந்தாவது இடத்தில் இருந்தார். கேமரா அவரை விட்டு நகரவில்லை. அவர் வாழைப்பழத் தோல் உரிப்பதைக் காட்டுகிறார்கள். முதலிடத்தில் இருந்த சின்னப் பையன் அடித்த பந்து, திரையின் மூலையில் தபால்தலை அளவுக் கட்டத்தில் போகிறது.

"அந்தப் புள்ளையக் காட்டுங்கப்பா" என்று டிவியைத் திட்டினேன்.

"அம்மா, டிவிக்குக் காது கேக்காது" என்றான் என் மகன் ஜெரால்டு.

நான் கேட்டது டிவிக்குக் கேட்டுவிட்டதோ என்னமோ, கேமரா அந்தப் பையன் பக்கம் திரும்பியது. பத்து நிமிஷம் அவனையே காட்டினார்கள். பத்தாவது நிமிஷத்தில் நான், "எங்கடா அந்த ஆளக் காணோம்?" என்று கேட்டேன். ஜெரால்டு காபியைத் துப்பிச் சிரித்தான்.

கீழேயிருந்து வெட்டுவார்கள்

பழைய ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போட்டி நாட்களில் என் வேலை பிரஸ் நோட் டைப் செய்வது. அன்றைய ஆட்டம் முடிந்ததும் ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் அடித்து, செக்ரட்டரியிடம் கையெழுத்து வாங்கி, ஆங்கிலம், கன்னடம், தமிழ் என்று ஏழு பத்திரிகைகளுக்கு ஃபேக்ஸ் செய்ய வேண்டும். கோல்ஃபுக்கு ஆள் அனுப்புகிற பத்திரிகைகள் குறைவு. நாங்கள் அனுப்புவதுதான் மறுநாள் அச்சில் வரும்.

இந்த வேலையின் சூட்சுமத்தை எனக்கு போனில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு ஸ்போர்ட்ஸ் டெஸ்க்காரர். "மேடம், முக்கியமான சங்கதிய மேல போடுங்க. எடம் இல்லன்னா நாங்க கீழேருந்து வெட்டுவோம். மேல வெட்டமாட்டோம்." எந்நாளும் இடம் இருந்ததில்லை. முதல் பாரா வரும். அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டாவதும் வரும். மூன்றாவது பாராவை நான் அச்சில் பார்த்தது அபூர்வம்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. கடைசி நாள் காலையிலேயே முதல் பாராவை அடித்துவைத்துவிடுவேன். மிஷின் இத்தனையாவது முறையாகப் பட்டம் வென்றார் என்று எழுதி, ஸ்கோருக்கு மட்டும் இடம் விட்டுவைப்பேன். மூன்று வருடம் அப்படிச் செய்து ஒரு தடவைகூட அடித்துத் திருத்த வேண்டி வரவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அடித்துவைத்திருந்தேன்.

அன்று ஊரில் பெரிய கிரிக்கெட் மேட்ச். நிருபர்கள் எல்லாரும் அங்கே. ஒரே ஒரு போட்டோகிராபர் பதினோரு மணிக்கு வந்து, மிஷினை நாலு படம் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டார்.

ஏழுமலை ஜெயித்த பிறகு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மேஜைக்கு வந்தேன். புதுத் தாள் எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. காலையில் அடித்த பாராவையே வைத்துக்கொண்டு, 'வென்றார்' என்பதை 'நூலிழையில் நழுவவிட்டார்' என்று மாற்றி அடித்தேன். உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவரிடம் தோற்றார் என்று சேர்த்தேன். இரண்டாம் பாராவில் அவருடைய மணிக்கட்டு வலி. மூன்றாவதில் பழைய நாலு பட்டங்கள். நாலாவதில் அவர் அடுத்து ஆடப்போகும் போட்டி. ஐந்தாவதில் விளம்பரம் கொடுத்தவர்களுக்கு நன்றி. ஆறாவதில் வானிலை.

ஏழாவதில், பட்டம் வென்ற ஏழுமலை நான்கு நாளும் நிதானமாக ஆடினார் என்று ஒரு வரி, பக்கத்தில் அவருடைய ஸ்கோர். அதற்கும் கீழே மற்ற ஆட்டக்காரர்களின் பட்டியல்.

அவசரத்தில் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். அவசரம் எதுவும் இல்லை. ஃபேக்ஸ் அனுப்ப நாற்பது நிமிடம் இருந்தது. மிஷினுக்காக மனம் வலித்தது. வலித்த மனம் டைப் அடித்தது.

திங்கட்கிழமை

ஏழுமலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில்தான் அவர் வீடு. பல வருடம் மெம்பர்களுக்குப் பை தூக்கினார். விடிகாலையில் மெம்பர்கள் வருவதற்கு முன் தானே ஆடிப் பழகி, தேர்வு ஆட்டத்தில் தேறி, தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். மனைவி கலா கார்மெண்ட்ஸில் வேலை. அவருடைய கோல்ஃப் செட், ஒரு டாக்டர் வேண்டாமென்று கழித்துக் கொடுத்தது.

அப்போது ஒரு டயர் கம்பெனி ஆட்டக்காரர்களைத் தேடிக்கொண்டிருந்தது. யாரையாவது எடுத்துக்கொண்டால் ஒரு வருடம் வெளியூர்ப் போட்டிகளுக்கெல்லாம் அவர்களே அனுப்புவார்கள். கம்பெனி ஆள் ஏழுமலையிடம் சொன்னது ஒன்றே ஒன்று: பேப்பரில் பெயர் வர வேண்டும், அந்தக் கட்டிங்கை வெள்ளிக்கிழமைக்குள் கொண்டுவா.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு ஏழுமலை நாலைந்து பத்திரிகைகளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆபீஸ் வாசலில் நின்றார். ராத்திரியெல்லாம் தூங்காத கண், ஆனால் சட்டை இஸ்திரி போட்டிருந்தது.

"அக்கா, ஒண்ணுலயும் என் பேரு இல்லக்கா. உள்ளூர் ஆட்டக்காரர்னு போட்டுக்கீறான். மிஷின் போட்டோவ போட்டுக்கீறான். ஜெயிச்சது நான்தானக்கா?"

"நீதான் ஏழுமலை."

"அப்றம் ஏன்க்கா?"

அப்போது சொல்லியிருக்கலாம். கார்பன் காப்பி கைக்கு எட்டுகிற டிராயரில்தான் இருந்தது. ஏழு பத்திரிகைகளுக்கும் போன் போட்டு, பெயரைச் சேர்த்துத் திருத்தம் போடுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், குறிப்பை ஏன் இப்படி எழுதினாய் என்று செக்ரட்டரி கேட்பார்.

"பேப்பர்காரங்க அப்படித்தான் ஏழுமலை" என்றேன். "அவங்களுக்குப் பெரிய ஆளுங்கதான் கண்ணுக்குத் தெரிவாங்க."

அவர் தலையாட்டினார். கிளப்பிலிருந்து ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். ரொம்ப அழகாக, ஒரு பிழை இல்லாமல் அடித்தேன். டயர் கம்பெனி அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டது. லெட்டர் யார் வேண்டுமானாலும் எழுதலாம், பேப்பரில் வந்ததா என்று கேட்டார்களாம்.

அதற்குப் பிறகு அவர் இரண்டு வருடம் பஸ் பிடித்துப் போகிற தூரத்துப் போட்டிகளில் மட்டும் ஆடினார். அப்புறம் ஆடுவதை விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்.

மிஷின் அடுத்த வருடம் ஐந்தாவது பட்டத்தை வென்றார். அந்த பிரஸ் நோட்டும் நான் அடித்ததுதான். என்னால் முன்போலக் குதிக்க முடியவில்லை. அவர் "தேங்க்யூ, ஸ்டெல்லா" என்றபோது நிமிர்ந்து பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினேன். அவர்மேல் என்ன தப்பு? ஒன்றும் இல்லை. ஜெயித்தது மட்டும்தான் அவர் செய்தது.

ஒரு கடிதம்

சில வாரங்களுக்கு முன், நான் வாராவாரம் எழுதுகிற இதே பக்கத்தில் பத்திரிகைகளைக் காய்ச்சி எடுத்திருந்தேன், ஞாபகம் இருக்கலாம். நீலசந்திரா ஆட்டக்காரர் ஒருவர் பெரிய சாம்பியனை வென்றும் ஒரு பேப்பரும் அவர் பெயரைப் போடவில்லை, சின்ன மனிதர்கள் இவர்கள் கண்ணில் படுவதே இல்லை என்று வீராவேசமாக எழுதினேன். பாராட்டிக் கடிதங்கள் வந்தன. சரியாகச் சொன்னீர்கள் அம்மா என்று பலர் எழுதியிருந்தார்கள்.

ஒரே ஒரு கடிதம் வேறு மாதிரி. ஈஜிபுராவிலிருந்து ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் ஒருவர் எழுதியிருந்தார். மரியாதையான கையெழுத்து. "அந்தக் காலத்தில் கோல்ஃப் செய்திகளை நாங்கள் உங்கள் கிளப் அனுப்பும் குறிப்பை வைத்துத்தான் போட்டோம். அன்றைய குறிப்பில் அவர் பெயர் எத்தனையாவது பாராவில் இருந்தது என்று உங்களுக்கு நினைவிருக்கிறதா?"

கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்தேன். எடுத்தேன். மறுபடி வைத்தேன். மூன்றாம் நாள் பீரோவைத் திறந்து, மிஷின் நோட்டின் கடைசிப் பக்கத்துக்குள் இத்தனை வருடமாகச் செருகிவைத்திருந்த கார்பன் காப்பியை எடுத்துக்கொண்டு பொம்மனஹள்ளிக்கு பஸ் ஏறினேன்.

பொம்மனஹள்ளி

ஓசூர் ரோட்டிலிருந்து உள்ளே போனால், மூன்று அடுக்குமாடிகளுக்கு நடுவே பச்சை வலை கட்டிய ஒரு இடம். பணம் கட்டினால் ஒரு கூடை பந்து கொடுப்பார்கள், வலைக்குள் அடித்துப் பழகலாம். ஏழுமலை அங்கேதான் சொல்லிக்கொடுக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. கழுத்தில் கம்பெனி அட்டை தொங்க ஒரு பெண் அடித்துக்கொண்டிருந்தாள்.

"தல தூக்காதீங்க மேடம். பந்து எங்க போச்சுன்னு நான் பாத்துக்கறேன்" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். "சொல்லியிருந்தா நானே வந்துருப்பேனே ஸ்டெல்லாக்கா. டீ சொல்லட்டா?"

டீ வந்தது. குடித்தால் பேச்சு வராது என்று, குடிக்காமலே காகிதத்தை நீட்டினேன். "இது அன்னிக்கு நான் பேப்பருக்கு அனுப்புனது" என்றேன்.

கண்ணாடி போட்டுக்கொண்டு விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். விரல் மெதுவாகக் கீழே இறங்கியது. கடைசிக்கு வந்து நின்றது.

"ஏழாவது பாராவுல நானு."

"ஆமாம். அவங்க வெட்டல ஏழுமலை. நான்தான் வெட்டற எடத்துல வெச்சேன்."

அந்தப் பெண்ணின் பந்துகள் ஒவ்வொன்றாக வலையில் போய் விழுந்தன.

"இத்தினி வருசமா பேப்பர்காரன்னாலே எனக்கு ஆவாதுக்கா. போன வருசம்கூட ஒரு பையன் வந்தான். இந்த எடத்தப் பத்தி எழுதறேன் சார்னான். போய்யா, நீங்கள்லாம் இன்னா எழுதுவீங்கன்னு தெரியும்னு அனுப்சிட்டேன். பாவம், வெயில்ல வந்தான்."

"தப்பு என்னுது" என்றேன்.

அவர் எழுந்துபோய், அந்தப் பெண்ணின் கைப்பிடியைச் சரிசெய்துவிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு நீங்க ஜன்னல்ல நின்னுக்கினு இருந்தீங்க. நான் பாத்தேன். அழுதுக்கினு இருந்தீங்க." டீ கிளாஸை ஒரு சுற்றுச் சுற்றினார். "எனக்காகன்னு நெனச்சேன். கலாகிட்ட சொன்னேன். அத்தன பேர்ல ஸ்டெல்லாக்கா ஒருத்தங்க எனக்காக அழுதாங்கன்னு."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதரிடம் அது ஒன்றாவது மிஞ்சியிருக்கும். என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன். அவர் புரிந்துகொண்டார்.

"மிஷின் நல்ல மனுசன்க்கா" என்றார் கொஞ்சம் கழித்து. "கை குடுக்கறப்ப, 'வெல் ப்ளேய்ட், ஏழுமலை'ன்னார். அவுருக்கு என் பேரு தெரிஞ்சிருந்தது."

அது எனக்கு வலிக்க வேண்டுமென்று சொன்னாரா என்று தெரியவில்லை. வலித்தது.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "இத நான் வெச்சிக்கறேன். ஸ்கோர் சரியா போட்டுக்கீறீங்க." மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்தார். பஸ் தூரத்தில் தெரிந்தபோதுதான் கேட்டார்.

"உங்க கதைய அந்தப் புஸ்தகத்துல வாராவாரம் எழுதறீங்களாமே. கலா படிக்கறா. இதயும் எழுதுவீங்களா?"

"எழுதறேன்."

"அப்டின்னா என் பேர மொதப் பாராவுல போடுங்க. அவுரு பேரு வாணாம்."

போட்டிருக்கிறேன், ஏழுமலை. முதல் பாராவில், முதல் வரியில், ஊர்ப் பெயரோடு. அவர் பெயர் எங்கேயும் இல்லை.

ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். இந்த வாரம் பக்கம் போதாவிட்டால் தாராளமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். கீழேயிருந்து வெட்டுங்கள்.